அமெரிக்க வரலாறும் நிலமும்: தமிழ் மீடியம் 9, 10-ஆம் வகுப்புக்கு எப்படி நடத்துவது?

எல்லைப்பள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளிக்காகக் கேட்கிறேன். அமெரிக்கப் புரட்சியை நடத்த வேண்டும். கையில் இருப்பது 9 பீரியடு, ஒரு சனிக்கிழமை முற்பகல். சட்டங்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகள் நன்றாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் 13 காலனிகள் எங்கே இருந்தன என்று காட்டச் சொன்னால் விரல் டெக்சாஸுக்குப் போகிறது, சில பேருக்குக் கலிபோர்னியாவுக்கே போகிறது. 1776-இலேயே 50 மாநிலங்களும் இருந்தன என்ற நினைப்பு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

நிலத்தையும் வரலாற்றையும் ஒன்றாகச் சேர்த்து நடத்த வழி வேண்டும். எங்கே தொடங்கலாம்? மைதானத்திலோ சார்ட்டிலோ செய்யக்கூடிய வேலை இருந்தால் அளவோடு சொல்லுங்கள். பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எந்த இடத்தில் ஒட்டும் என்பதும் தெரிய வேண்டும். அட்லஸ் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு தொந்தரவு.

அட்லஸ்மேசை:

டீச்சர், முதல் இரண்டு பீரியடில் 1765-ஐத் தொடவே தொடாதீங்க. நிலம் மனசில் படியாமல் அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த முத்திரைச் சட்டம் நிற்காது.

சனிக்கிழமை முற்பகலை முதலிலேயே எடுத்து, மைதானத்தில் வரைபடம் போடுங்க. 1 மீட்டருக்கு 500 கி.மீ. என்று வைத்தால், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக நாடு ஏறக்குறைய 9 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் அடங்கும். அட்லஸில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தரையில் 1 மீட்டர் இடைவெளியில் சணல் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். கோலப்பொடி வேண்டாம். நம்ம பக்கம் கணவாய்க் காற்று அரை மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கரைசலை மூக்கு வைத்த பாத்திரத்தில் ஊற்றி வரைந்தால் சாயங்காலம் வரை நிற்கும். சுண்ணாம்பைப் பெரியவங்க கையாளட்டும், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

கரைக்கோட்டை வரைந்த பிறகு 40 டிகிரி வட அட்சக்கோட்டில் ஒரு நீளக் கயிறு கட்டுங்க. அந்தக் கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கக்கோடு சுமார் 85 கி.மீ. வரும், கணக்கு அதிலிருந்துதான். அட்லாண்டிக் கரையில் 0 என்று வைத்து மேற்கே நடந்தால் 0.7 மீட்டரில் அப்பலாச்சியன் மலை, 2.9 மீட்டரில் மிசிசிப்பி ஆறு, 4.4 மீட்டரில் 100 டிகிரி மேற்குத் தீர்க்கக்கோடு, 5.3 மீட்டரில் டென்வர், அதாவது ராக்கி மலையின் கிழக்கு அடிவாரம், 7.8 மீட்டரில் சியரா நெவாடா, 8.5 மீட்டரில் பசிபிக். பக்கத்தில் 1.15 மீட்டர் குச்சி ஒன்று போடுங்க, அது கேரளத்தின் வடக்குத் தெற்கு நீளம்.

இப்போது 13 பிள்ளைகளை அட்லாண்டிக் கரைக்கும் அப்பலாச்சியனுக்கும் நடுவில் நிற்கச் சொல்லுங்க. வடக்கே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட். நடுவில் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர். தெற்கே மேரிலாந்து, வர்ஜினியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா. ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அந்த நெருக்கமே பாடம். 1607-இல் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் தொடங்கி 1776 வரை 169 ஆண்டு இந்த ஒடுங்கிய பட்டைக்குள்தான் கழிந்தது. கலிபோர்னியாவுக்குப் போகும் விரல் அதன்பிறகு போகாது.

பட்டைக்குள்ளும் நிலம் ஒன்றல்ல. நியூ இங்கிலாந்தில் பனிப்பாறை அரைத்துவிட்டுப் போன கல் மண், குறுகிய பயிர்க்காலம். அதனால் மீன்பிடி, கப்பல் கட்டுதல், வணிகம். நடுக் காலனிகளில் கோதுமை. வர்ஜினியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை, தென் கரோலினாவில் நெல்லும் அவுரியும், இவற்றுக்கெல்லாம் அடிமை உழைப்பு. அரசியலமைப்பு எழுதும்போது வந்த பிணக்கில் பாதி இந்த மண்ணிலேயே கிடக்கிறது.

பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முதல் நாளே ஒரு சார்ட்டில் முடிவு செய்து சுவரில் மாட்டிவிடுங்க. பக்கத்தில் அட்லஸில் உள்ள ஆங்கில எழுத்தும் இருக்கட்டும். 13 காலனி, 6 ஆறு, 4 மலைத்தொடர், 10 நகரம் போதும்.

கோட்டைமைதானம்:

பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ஒட்டும் இடம் பாலக்காடு கோட்டையேதான். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

ஏழாண்டுப் போரிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனும் பிரான்சும் ஒரே போரைப் பல கண்டங்களில் நடத்தின. 1759-இல் கனடாவின் கியூபெக் விழுந்தது, 1760-இல் நம் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். 1763-இல் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு நிலமும் கிடைத்தது, கடனும் கழுத்து வரை ஏறியது. அந்தக் கடனுக்காகத்தான் 1765-இன் முத்திரைச் சட்டம். பத்திரிகை, துண்டு வெளியீடு, வழக்குத் தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். நிலம் பதிவு செய்ய முத்திரைப் பத்திரம் வாங்குவதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பார்கள், அங்கிருந்து விளக்கினால் ஒரு நிமிடத்தில் புரியும்.

அடுத்த தொடர்ச்சியை நான்கு அம்புக்குறியாகப் போர்டில் எழுதுங்கள். 1777-இல் சரடோகாவில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைப் பார்த்து 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்தது. பிரான்சோடு போர் என்றானதும் பிரிட்டிஷார் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த புதுச்சேரியைப் பிடித்தார்கள், 1779-இல் மலபார்க் கரையில் அவர்கள் வசமிருந்த மாஹியையும் பிடித்தார்கள். மாஹி தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று சொல்லிவந்த ஹைதர் அலி 1780-இல் போருக்கு எழுந்தார். இரண்டாம் மைசூர்ப் போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பற்றிய தீயின் ஒரு பொறி மலபார்க் கரையில் விழுந்தது என்பது உண்மை.

ஹைதரின் பெயர் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1782-இல் டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தோற்கடித்த பென்சில்வேனியாக் கப்பலுக்கு ஹைதர் அலி என்றுதான் பெயர்.

கடைசிக் கண்ணி காரன்வாலிஸ். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் சரணடைந்த படை அவருடையது. அதே மனிதர் 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவைத் தோற்கடித்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரை வாங்கினார். 1766-இல் ஹைதர் கட்டிய பாலக்காடு கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு நிலையாகப் போனது அந்தப் போரில்தான்.

ஒரு எச்சரிக்கை. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர்ப் பகுதி அப்போது கொச்சி அரசின் பகுதி, மலபாரில் சேர்ந்ததில்லை. கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளிடம் 'நம்ம ஊரைக் காரன்வாலிஸ் பிடித்தார்' என்று சொன்னால் தவறு. 'பக்கத்துப் பாலக்காட்டை' என்று சொல்லுங்கள்.

மூணாறு வாத்தியார்:

கோட்டைமைதானம் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அதை இரண்டு பீரியடுக்கு நடத்திவிட்டு நிறுத்தினால் விடைத்தாளில் 'அமெரிக்கர்களும் நம்மைப் போல வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டு விடுதலை பெற்றார்கள்' என்று வரும். காலனிக்காரர்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், அவர்கள் வாரிசுகள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். இதைத் தெளிவாகச் சொல்லாமல் அமெரிக்க வரலாற்றை நடத்துவது நியாயமே இல்லை.

அட்லஸ்மேசை சொன்ன மைதானப் படத்தில் ஒரே ஒரு குறை. 13 பேர் கிழக்கே நிற்கிறார்கள், மீதி மைதானம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடம் பிள்ளைகள் மனதில் பொய்யாகப் பதியும். தொடக்கத்திலேயே ஆட்களை நிறுத்துங்கள்: அப்பலாச்சியனின் தெற்கு முனையில் செரோக்கி, ஒஹாயோ ஆற்றுப் பக்கம் ஷானி, வடகிழக்கே இராக்குவா கூட்டமைப்பு, சமவெளியில் லக்கோட்டாவும் கோமாஞ்சியும், தென்மேற்கே நவஹோவும் புவெப்லோவும். பிறகு 1763-இன் அரசப் பிரகடனத்தை வாசியுங்கள். அப்பலாச்சியன் முகட்டுக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று மன்னர் கோடு போட்டார். மலைக் கயிற்றில் சிவப்புத் துணி கட்டிக் காட்டலாம். நிலத்துக்கு ஆசைப்பட்ட காலனிக்காரர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது வரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே விளங்கும்.

1783 பாரிஸ் உடன்படிக்கைக்கு வரும்போது அந்தத் துணியை அவிழ்த்து மிசிசிப்பிக் கயிற்றில் கட்டுங்கள். அதுவரையான நிலம் புதிய நாட்டுக்கு என்று எழுதினார்கள். நடுவில் நிற்கும் செரோக்கி, ஷானி யாரையும் யாரும் கேட்கவில்லை. 1803-இல் லூசியானாவை பிரான்சிடம் 1.5 கோடி டாலருக்கு வாங்கியதும் துணி ராக்கி மலைக்குப் போகும். 1845-இல் டெக்சாஸ், 1846-இல் ஓரிகன், 1848-இல் மெக்சிகோவிடம் பெற்ற தென்மேற்கு. ஒவ்வொரு முறை துணி நகரும்போதும் அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். 1830-இல் இடப்பெயர்ப்புச் சட்டம், 1838-39-இல் செரோக்கிகளை மிசிசிப்பிக்கு அப்பால் நடக்க வைத்த பயணம், அதில் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 50 மாநிலக் குழப்பமும் இந்தத் துணியோடு தீர்ந்துவிடும். அலாஸ்காவும் (1867-இல் ரஷ்யாவிடம் வாங்கியது) ஹவாயும் மாநிலமானது 1959-இல்தான்.

தேயிலைக்கு வருகிறேன். பாதிப் பிள்ளைகள் '1773-இல் தேயிலை வரியை ஏற்றினார்கள், அதனால் பாஸ்டனில் கடலில் கொட்டினார்கள்' என்று எழுதுவார்கள். வரி ஏறவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி 1767-இலிருந்தே இருந்தது. 1773 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை நேராகக் காலனிகளில் விற்க வழி செய்தது. அதனால் விலை குறைந்தது. விலை குறைந்தால் ஏன் கோபம்? இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள், பிள்ளைகளே தேடட்டும். உள்ளூர் வணிகர்கள் பிழைப்பு போகும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்கள் பிழைப்பும் போகும். மலிவு விலைக்கு மயங்கி வாங்கினால், தங்களுக்கு உறுப்பினரே இல்லாத பார்லிமென்ட் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகும். டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டி கடலுக்குள் போனது.

அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது. மூணாறு, வால்பாறை, நெல்லியாம்பதி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதை இந்தியத் தேயிலை என்றே நினைப்பார்கள். அசாமில் வணிகத் தோட்டம் வந்ததே 1830-களில்.

எல்லைப்பள்ளி:

சிவப்புத் துணி அருமையான யோசனை சார், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். 100 டிகிரி தீர்க்கக்கோட்டுக்குத் தனியாகக் கயிறு ஏன்? களிமண்ணிலோ உப்பு மாவிலோ மலை மாதிரி செய்து வகுப்பில் வைக்க நினைக்கிறோம், எந்த அளவில் செய்வது?

கரிசல்காடு:

100 டிகிரிக் கோட்டுக்குக் கிழக்கே மழையை நம்பிப் பயிர் செய்யலாம். மேற்கே ஆண்டு மழை 50 செ.மீ.க்குக் கீழே இறங்கிவிடும், பாசனமோ மேய்ச்சலோதான். வரலாற்றில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாத எல்லை. 1862-இன் வீட்டுமனைச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. கிழக்கே அது பெரிய பண்ணை. மேற்கே வறண்ட நிலத்தில் அதை வைத்துக் குடும்பம் பிழைப்பது கடினம், அதனால் பலர் விட்டுவிட்டுப் போனார்கள். சமவெளிப் புல்லை உழுது புரட்டிய பிறகு 1930-களில் வறட்சி வந்தபோது மண்ணே புழுதிப் புயலாகப் பறந்தது.

மழை மறைவை விளக்க உங்க இடம் மாதிரி வேறு இடம் கிடைக்காதுங்க டீச்சர். மலையின் மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுது. கிழக்கே வேலந்தாவளம், எருத்தேம்பதி தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போகப் போக வறட்சி. அங்கே பசிபிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று வடமேற்கில் உள்ள கேஸ்கேட் மலையில் ஏறி நனைத்துவிட்டு இறங்குது. சியாட்டிலில் ஆண்டுக்குச் சுமார் 95 செ.மீ., மலைக்கு அந்தப் பக்கம் யாகிமாவில் சுமார் 20 செ.மீ. ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில். ஜூன் மாதம் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

இதில் ஒரு தப்பு சாதாரணமாக நடக்கும். மேற்கு மலை மழையை மறைக்குது என்று சொன்னதும், நாட்டின் கிழக்குப் பாதியும் வறண்டது என்று எழுதிடுவாங்க. கிழக்குப் பாதிக்கு ஈரம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வருது. மேற்கே போகப் போக அந்த ஈரம் எட்டாமல் குறையுது, அதனால்தான் 100 டிகிரி அருகே மாற்றம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்க. நமக்கு இமயமலை கிழக்கு மேற்காகக் கிடந்து வடக்குக் குளிரைத் தடுக்குது. அங்கே ராக்கி, அப்பலாச்சியன் ரெண்டுமே வடக்குத் தெற்கு. கனடாக் குளிர்காற்று தடையில்லாமல் டெக்சாஸ் வரை இறங்கும், வளைகுடாவின் வெப்ப ஈரக்காற்றோடு மோதும், சமவெளியில் அத்தனை சூறாவளிச் சுழல் வருவதற்கு அது பெரிய காரணம். லாஸ் ஏஞ்சல்ஸும் ஸ்ரீநகரும் ஒரே 34 டிகிரியில் இருக்கு என்று அட்லஸில் காட்டி, ஏன் ஒன்றில் பனி விழுது ஒன்றில் இல்லை என்று கேட்டால் ஒரு பீரியடு தானாக ஓடும். கடல் அருகாமை, உயரம் ரெண்டும் விடையில் வரணும்.

பருத்தியை விட மனசு வரல. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே உங்க சித்தூர் தாலுகாவில்தான். ஒரு கைப்பிடி கொண்டுவந்து மேசையில் வைத்து, அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் 'கறுப்புப் பட்டை' என்ற கறுத்த மண் நிலம் இருக்கு என்று ஆரம்பிங்க. 1793-இல் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எலி விட்னியின் எந்திரம் வந்ததும் குட்டை இழைப் பருத்தி லாபமாச்சு, தோட்டங்கள் மேற்கே பரவின. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் சுமார் 40 லட்சம். எந்திரம் வந்தால் வேலையாள் குறையும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பாங்க. விதை பிரிக்கும் வேலை மட்டும்தான் எளிதாச்சு, பறிக்கும் வேலை முழுக்கக் கையால், அதனால் ஆள் தேவை பெருகிச்சு. 1861-65 உள்நாட்டுப் போரில் தெற்கின் துறைமுகங்களை வடக்கு அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின, இங்கே விலை எகிறிச்சு, போர் முடிந்ததும் சரிஞ்சுது.

அட்லஸ்மேசை:

மலை மாதிரிக்கு அளவு சொல்கிறேன். கிடைமட்டத்தில் 1 செ.மீ. = 100 கி.மீ. வைத்தால் நாடு சுமார் 45 × 25 செ.மீ. வரும், 60 × 40 பலகை போதும். அட்டை வேண்டாம், ஈரத்தில் வளையும். உயரத்துக்கும் இதே அளவை வைத்தால் ராக்கி மலையின் சுமார் 4,400 மீட்டர் எல்பர்ட் சிகரம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதனால் உயரத்துக்கு 1 செ.மீ. = 1,000 மீட்டர். இது 100 மடங்கு மிகைப்படுத்தல், அதைப் பலகையின் ஓரத்தில் கட்டாயம் எழுதுங்க. இல்லாவிட்டால் ராக்கி மலை சுவர் மாதிரி நிற்குது என்று நம்பிவிடுவாங்க.

சியராவின் விட்னி சிகரம் 4,421 மீட்டர், 4.4 செ.மீ. அப்பலாச்சியனின் மிட்செல் 2,037 மீட்டர், 2 செ.மீ.தான். நம் ஆனைமுடி 2,695 மீட்டர், 2.7 செ.மீ. குச்சியாகப் பக்கத்தில் நட்டு வையுங்க. மிசிசிப்பிக்குக் கிழக்கே எதுவும் அந்தக் குச்சியை எட்டாது.

பெருஞ்சமவெளியைப் பிள்ளைகள் தட்டையாகப் பூசுவாங்க. அது சாய்வு. டென்வர் 1,609 மீட்டர், அதாவது 1.6 செ.மீ. உயரத்திலிருந்து கிழக்கே மிசிசிப்பி வரை மெதுவாக இறங்கணும். பூசும் முன்பே பலகையில் ஆணி அடித்து, ஆணித் தலையை அந்த உயரத்தில் நிறுத்திக்கொண்டால் அளவு தப்பாது.

உப்பு மாவு என்றால் 2 பங்கு மைதா, 1 பங்கு பொடியுப்பு, 1 பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஆனால் ஜூன், ஜூலையில் செய்யாதீங்க. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மலை முழுக்கக் கசியும். மழைக்காலத்துக்குக் காகிதக் கூழ் நல்லது: செய்தித்தாளைக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, மைதாப் பசையில் பிசையணும். ஒரு தடவைக்கு 1 செ.மீ.க்கு மேல் அப்பக்கூடாது. தடித்துப் போனால் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம், அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க.

வண்ணம் பூசும்போது மாநில எல்லைகளைப் போடவே போடாதீங்க. ஆறு, மலை, கரை போதும். எல்லைகளை நூலாலும் குண்டூசியாலும் 1763, 1783, 1803, 1848 என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிக் கட்டட்டும்.

கோட்டைமைதானம்:

தேர்வுக்கு ஒரு வரி. 'எழுதுக' என்று மட்டும் கேட்காமல் எல்லையில்லாத வெற்று வரைபடத்தைக் கொடுத்து, 1763-இன் கோட்டை வரையச் சொல்லி, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று மூன்று வரி கேளுங்கள். வரைவதற்கு 2 மதிப்பெண், காரணத்துக்கு 3. கோடு கடலோரத்திலிருந்து மிகத் தள்ளி, மிசிசிப்பிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு மைதானப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று அர்த்தம்.